சாயங்காலம் பத்து மணி

செம்மண்பாறை சூசையப்பர் தெருவில் மொத்தம் பதினேழு வீடு. அதில் பதினாறு வீட்டுக்கு ஆண்டவர் அவரவர் பிழைப்புக்குத் தேவையான அளவு அறிவைக் கொடுத்தார். பதினேழாவது வீட்டு வாசலுக்கு வரும்போது கையிருப்பு தீர்ந்துவிட்டது. பாத்திரத்தைச் சுரண்டி, கிடைத்ததையெல்லாம் அந்த வீட்டு மருமகள் அமலோற்பவத்திடம் கொடுத்தார். ஆண்பிள்ளைகள் மூன்று பேரிடமும், "நீங்கள் இவள் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர்களும் சொன்னபடியே நடந்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

மூத்தவர் வியாகுலம், அமலோற்பவத்தின் கணவர். பஞ்சாலையில் முப்பது வருஷம் கேட் காவல். ஒருமுறை முதலாளி காருக்குள் இருந்தபடியே "கேட்டை மூடு" என்றார். கார் பாதி உள்ளே, பாதி வெளியே. வியாகுலம் மூடினார். அடுத்தவன் இன்னாசி, யோசிக்கிறவன். அவன் யோசிக்கிறான் என்பது வாய் திறந்திருப்பதிலிருந்து தெரியும். கடைசி சவரி, ஓடுகிறவன். எங்கே ஓட வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையில் இருப்பான். தம்பிகள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் விவரமானவர்கள்.

மே மாதம் மாதாவுக்கு உரிய மாதம். கோவிலில் இருக்கும் மாதா சுரூபத்தைச் சின்னச் சப்பரத்தில் ஏற்றி, மாதம் முழுக்கத் தெருத் தெருவாகக் கொண்டுபோவார்கள். தெருவுக்கு ஒரு நாள், ஒரே ஒரு வீட்டில் தங்கல். சூசையப்பர் தெருவில் மட்டும் ஒரு கண்டிஷன் உண்டு. கடைப்பூ கூடாது. தோட்டத்தில் பூத்த பூ வேண்டும். பூ இல்லாத வீட்டு வாசலில் சப்பரம் நிற்காது, அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் மழை என்பதையே ஊர் மறந்திருந்தது. கிணற்றில் வாளியை விட்டால் 'டங்' என்று பதில் வந்தது. வாரத்துக்கு ஒருநாள் லாரித் தண்ணீர், வீட்டுக்குப் பன்னிரண்டு குடம். "எங்க வீட்ல ஒரு மொட்டுகூட இல்ல சாமி" என்று வீடு வீடாகக் கைவிரித்துவிட்டார்கள். மிஞ்சியது இரண்டு தோட்டம். ஒன்று அமலோற்பவத்தினுடையது. மற்றது எதிர்வீட்டு ஜெசிந்தாவினுடையது. பூ அதிகம் என்பதால் ஆறு வருஷமாக மாதா அமலோற்பவம் வீட்டில்தான் தங்குகிறாள். ஆறு வருஷமாக ஜெசிந்தா சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமை போனால் சனிக்கிழமை சாயங்காலம் திரும்பலாம். அதே சனிக்கிழமை ஆறு மணிக்குத்தான் மாதா வருகிறாள்.

அமலோற்பவம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூவரையும் தோட்டத்தில் வரிசையாக நிற்கவைத்தாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. ஒரு தடவைதான் சொல்லுவேன். செம்பருத்திக்கு நல்ல தண்ணியை வீணாக்காதீங்க. அரிசி களைஞ்ச தண்ணி மட்டும் ஊத்துங்க, ஏழு செடிக்கும் வயிறு நிறைய. மல்லிகையை அப்பப்பக் கிள்ளி விடுங்க, அப்பத்தான் பக்கத்துல துளிர்க்கும். காகிதப்பூவுக்குத் தண்ணியே காட்டக் கூடாது, காயக் காயத்தான் பூக்கும். நித்தியகல்யாணியை மறந்துருங்க, அது யாரையும் எதிர்பார்க்காது. இந்தப் பாத்தியில இருக்கிறது பத்து மணிப் பூ. வெயில் பட்டாப் போதும், பத்து மணிக்குத் தானாப் பூக்கும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மதினி" என்றார்கள் தம்பிகள். இன்னாசியின் வாய் அதற்குள் திறந்திருந்தது.

அமலோற்பவம் புருஷனிடம் திரும்பினாள். "இந்தாங்க, இருபத்தெட்டு வருஷத்துல உங்களை நம்பி நான் எதையும் விட்டுட்டுப் போனதில்ல. இதான் முதல் தடவை. சனிக்கிழமை நான் வந்து இறங்கறப்போ பூ இல்லை, மாதா எதிர்வீட்டுக்குப் போயிட்டான்னு வைங்க, பஸ் ஸ்டாண்டுலருந்தே கோயம்புத்தூருக்குத் திரும்பிருவேன். பேரப்பிள்ளைக்கு மீசை முளைச்சதுக்கப்புறம்தான் வருவேன். அதுவரைக்கும் உங்க மூணு பேர் சமையலை நீங்களே சாப்பிட்டுக்கங்க."

வியாகுலத்துக்குச் சமையல்கூடப் பரவாயில்லை. அவள் திட்டாத வீட்டில் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்றே அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது.

மூன்று பேருக்குச் சமைக்க மூன்று ஆழாக்கு அரிசி. களைந்த தண்ணீர் ஒரு சொம்பு. செம்பருத்தியோ ஏழு. வயிறு நிறைய என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

"செடியோட வயிறு எதுண்ணே?" என்றான் சவரி.

"அது கிடக்கட்டும். தண்ணிக்கு வழி என்ன?" என்றார் வியாகுலம்.

இன்னாசி யோசித்தான். ஒரு ஈ உள்ளே போய் வெளியே வந்தது. "அரிசி கம்மியா இருக்கிறதாலதான் தண்ணி கம்மியா இருக்கு. அரிசியை ஜாஸ்தி பண்ணணும்."

வீட்டில் ஒரு மூட்டை பொன்னி அரிசி இருந்தது. அதை அண்டாவில் கொட்டினார்கள். அன்று வந்த லாரித் தண்ணீர் பன்னிரண்டு குடத்தில் ஒன்பது குடம் ஊற்றிக் களைந்தார்கள். செம்பருத்திகளுக்கு வயிறு நிறைந்தது, நிறைந்து வழிந்து பாத்தி குளமானது.

"உங்க மதினி நல்ல தண்ணியை வீணாக்காதீங்கன்னா. ஒரு சொட்டு வீணாக்கல பாத்தியா" என்று வியாகுலம் பெருமையாகச் சொன்னார்.

ஒரு மூட்டை ஈர அரிசியை என்ன செய்வது என்று மதினி சொல்லவில்லை. ஆகையால் ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை அது மணக்கத் தொடங்கியது. புதன்கிழமை தெருவே மணந்தது. செம்பருத்திப் பாத்தி புளித்து நுரைத்தது. எங்கிருந்தோ எறும்புகள் குடும்பத்தோடு வந்து இறங்கின. மொட்டுகள் ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று விழுந்தன.

"வயிறு நிறைஞ்சா யாருமே கொஞ்சம் அசருவாங்க" என்றான் இன்னாசி.

மல்லிகை சவரியின் பொறுப்பு. அப்பப்ப என்றால் எப்பப்ப என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆகவே அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கிள்ளினான். குழந்தையின் தொடையைக் கிள்ளுகிற மாதிரி, திருகி. கிள்ளிவிட்டு, பாவம் பார்த்து, "ஊ" என்று ஊதியும் விட்டான். இளசாக இருக்கிற இடத்தில்தான் கிள்ளினால் உறைக்கும் என்பதால் நுனியாகப் பார்த்து, மொட்டாகப் பார்த்துக் கிள்ளினான். வியாழக்கிழமை மல்லிகையில் கிள்ள இடமில்லை. அவன் குச்சியைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

காகிதப்பூதான் பெரிய பாடு. தண்ணியே காட்டக் கூடாது. வாசல் படி ஓரத்தில் பெரிய தொட்டியில் நிற்கிற செடி. அதைத் தாண்டித்தான் எந்தக் குடமும் வீட்டுக்குள் போக வேண்டும்.

"குடத்துக்கு முந்தானை போட்டு மூடிக்கிட்டுப் போவோம்" என்று முடிவானது. குடங்கள் புதுப்பெண் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு போயின. முகம் கழுவுவதைக் கொல்லைக்கு மாற்றினார்கள். சவரிக்கு வாசலில் நிற்கும்போது வியர்த்தது. இன்னாசி பதறிப்போய் அவன் முகத்தைத் துண்டால் மூடினான். "டேய், அதுக்கு எதிர்ல நின்னு சொட்டச் சொட்ட வேர்க்கிறியே, அறிவிருக்கா?"

புதன்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் எதிர்ச்சாரிக்கு லாரி வந்துவிட்டது. பின்பக்கக் குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வந்தது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க.

"அண்ணே, போர்வை!"

மூவருமாகக் கம்பளியைச் செடிமேல் போட்டு, கயிற்றால் இறுக்கிக் கட்டி, தொட்டியோடு தூக்கி, குறுகலான கதவு வழியாக இடித்து நெருக்கி வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். லாரி போன பிறகு அவிழ்த்தார்கள். பூவெல்லாம் கம்பளியில் இருந்தது. செடியில் முள் இருந்தது.

"பாத்திருக்குமோ?" என்றார் வியாகுலம் கவலையாக.

"ஓரக்கண்ணால பாத்திருக்கும். அதான் கோவத்துல உதிர்த்திருச்சு" என்றான் இன்னாசி.

நித்தியகல்யாணி விஷயத்தில்தான் அவர்கள் உண்மையிலேயே பாடுபட்டார்கள். மறப்பது லேசான காரியமா? தினமும் காலையில் மூவரும் அதன் எதிரில் வந்து நின்று பயிற்சி செய்தார்கள்.

"சவரி, மறந்தாச்சா?"

"எதை?"

"நித்தியகல்யாணியை."

"சும்மா இருந்தவனுக்கு ஞாபகப்படுத்திட்டியே! நேத்துப் பூரா மறந்திருந்தேன்."

"நேத்து மறந்திருந்தேன்னு உனக்கு எப்படிடா தெரியும்? அப்ப மறக்கலன்னுதானே அர்த்தம்?"

வியாகுலம் தலையிட்டுத் தீர்ப்புச் சொன்னார். இனி யாரும் அந்தப் பக்கமே பார்க்கக் கூடாது. பார்த்தால் அது என்ன செடி என்று கேட்டுக்கொள்ளக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் மூவரும் வெற்றி கண்டார்கள். வெள்ளையும் ரோஸுமாக ஒரு வேலி முழுக்கப் பூத்துக்கிடந்தது. மூவரில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

பத்து மணிப் பூ மட்டும் ஒரு தொந்தரவும் தரவில்லை. பாத்தி முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக, கம்பளம் விரித்த மாதிரி தினமும் பூத்தது. கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து எதிரில் வைத்துக்கொண்டு மூவரும் அதைப் பார்த்தார்கள். முதல் நாள் பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பூத்துவிட்டது. சவரி அதைக் கண்டித்தான். வியாகுலம் பெருந்தன்மையாகக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி, பிரச்சினையைத் தீர்த்தார்.

அமலோற்பவம் தினமும் பதினொரு மணிக்குப் போன் செய்வாள். பேரன் பிறந்துவிட்டான், அழுகிற அழுகையில் ஆஸ்பத்திரியே ஆடுகிறது என்று சொல்லிவிட்டுக் கேட்பாள்: "பூ இருக்கா?"

"இப்பத்தான் பாத்துட்டு வந்தேன். பாத்தி நிறைய இருக்கு."

"நிஜமாவா?" அவள் குரலில் ஒரு ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தை நினைத்து வியாகுலம் அன்றைய பொழுதை ஓட்டுவார்.

சனிக்கிழமையும் வந்தது. மத்தியானம் ரெண்டு மணிக்கு வியாகுலம் மூங்கில் தட்டை எடுத்துக்கொண்டு பூப்பறிக்கப் போனார். செம்பருத்தியில் எறும்பு இருந்தது. மல்லிகையில் குச்சி இருந்தது. காகிதப்பூவில் முள் இருந்தது. அதனாலென்ன, பத்து மணிப் பூ இருக்கிறதே என்று பாத்திக்கு வந்தார். பாத்தி முழுக்க இறுக மூடிய மொக்கு. காலையில் சிரித்த ஒரு பூவாவது? ஒன்றும் இல்லை.

தட்டு கையிலிருந்து நழுவியது. "டேய்! கடையைச் சாத்திருச்சுடா!"

தம்பிகள் ஓடி வந்தார்கள்.

"அண்ணே, அங்க வேலியில ஏதோ வெள்ளையா, ரோஸா இருக்கே?" என்றான் சவரி.

"என்னது அது?"

"தெரியலண்ணே."

"தெரியாத சாமானை எல்லாம் மாதாவுக்கு வைக்க முடியுமா? பேசாம இரு." வியாகுலத்தின் கண்ணில் தண்ணீர் முட்டியது. "போயிட்டா. உங்க மதினி போயிட்டா. இனி மீசை முளைச்சாத்தான்."

இன்னாசி வாயைத் திறந்தான். நெடுநேரம் மூடவில்லை. பிறகு சொன்னான்: "இந்தப் பூ பேரென்ன?"

"பத்து மணிப் பூ."

"இப்ப மணி?"

"ரெண்டு."

"ரெண்டு மணியை வச்சுக்கிட்டுப் பத்து மணிப் பூவைப் பூக்கலைன்னு அழுதா எப்படி? அது சொன்ன வாக்குத் தவறாத பூ. நாமதான் நேரத்தைக் கோட்டை விட்டுட்டோம்."

"மாதா ஆறு மணிக்கு வர்றாங்களே!"

"அப்ப ஆறு மணிக்கு முன்னால பத்து மணி ஆகணும்."

இதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. வியாகுலம் கடிகாரத்தின் முள்ளைப் பத்தில் வைத்து, பூக்களுக்கு நேரே பிடித்தார். அரை மணி நேரம் பிடித்தார். ஒன்றும் அசையவில்லை.

"உசரத்துல இருக்குண்ணே. அதுக்கு எட்டாது" என்றான் சவரி.

ஆக வியாகுலம் பாத்தி ஓரத்தில் மல்லாக்கப் படுத்து, கடிகாரத்தை நெஞ்சின்மேல் பூப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டார். வெயில் முகத்தில் அறைந்ததால் கண்ணை மூடிக்கொண்டார். மணி மூன்றானது, நாலானது, ஐந்தானது. கடிகாரத்தில் மட்டும், முள் நகராதபடி பேட்டரியைக் கழற்றிவிட்டதால், பத்தாகவே இருந்தது.

"எனக்கு விளங்கிருச்சு" என்றான் இன்னாசி. "இந்தப் பூவுக்குக் கண்ணு கிடையாது. காதுதான் இருக்கு."

"காகிதப்பூவுக்குக் கண்ணு இருந்துச்சே?"

"அது வேற குடும்பம். இதுக்குப் பத்து மணி காதுல விழணும். நம்ம கடிகாரம் ஊமை. கோவில் மணிதான் சரி. சவரி, ஓடு. பத்து அடி. ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அண்ணே, நீங்க அசையாதீங்க. அசைஞ்சா பூ குழம்பிரும்."

"அசைய மாட்டேன்" என்றார் வியாகுலம்.

மணியடிக்கிற கோவில்பிள்ளை சப்பரத்தோடு போயிருந்தார். மணிக்கயிறு சும்மா தொங்கியது. சவரிக்கு ஒரே நேரத்தில் மணியடிக்கவும் எண்ணவும் வராது. ஒரு அடி அடிப்பான். கயிற்றை விடுவான். ஒரு விரலை மடக்குவான். மடக்கிய விரல் திறந்துகொள்ளாமல் கயிற்றைப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு இன்னொரு அடி.

அந்தப் பக்கத்துக் கோவில்களில் மணியை அப்படி விட்டு விட்டு, ஒவ்வொன்றாக அடித்தால் அது துக்க மணி. யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

பத்தாவது அடி அடித்து முடித்து, இரண்டு கையிலும் எல்லா விரலும் மடங்கிய நிலையில் சவரி வெளியே வந்தான். தெருவே கோவில் வாசலில் நின்றது. முன்னால் ஜெசிந்தா.

"யாருக்குடா சவரி?"

"எங்க அண்ணனுக்கு" என்றான் சவரி. அண்ணனுக்காகத்தானே அடித்தான்.

"ஐயோ, வியாகுலண்ணனுக்கா! என்னடா ஆச்சு?"

"மத்தியானம் வெயில்ல படுத்தாரு. அசையவே இல்ல. இப்பவும் அப்படியேதான் கிடக்காரு."

"அமலு அக்காவுக்குச் சொல்லியாச்சா?"

"அவங்க வந்து பாத்தா ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

துக்கத்தில் பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜெசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததைத்தான் கேட்க வேண்டும். மாதாவுக்கு என்று கேட்டபோது ஒரு மொட்டும் இல்லை என்று சத்தியம் பண்ணிய பதினைந்து வீடும் அரை மணி நேரத்தில் பூவோடு புறப்பட்டன. சாவு வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் நாளைக்கு நம் வீட்டுக்கு யார் வருவார்கள்? பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போகும் இடத்தில் ஒளித்து வளர்த்த கனகாம்பரம் வந்தது. குளியலறைக்குப் பின்னால் ஓலை மறைவில் இருந்த நந்தியாவட்டை வந்தது. அரளி மாலை வந்தது, சங்குப்பூ வந்தது, இட்லிப்பூ கொத்துக் கொத்தாக வந்தது. ஜெசிந்தா தன் பாத்தியையே மொட்டையடித்து, உருண்டை உருண்டையாக ஊதா நிறத்தில், முழங்கால் வரை தொங்குகிற மாலை கட்டிக்கொண்டு வந்தாள். மாதா இன்று எப்படியும் தன் வீட்டுக்குத்தான் என்று சேர்த்து வைத்த பூ. ஆனாலும் சாவு சாவுதான்.

வாசலில் நின்ற இன்னாசி, சவரியின் தோளைத் தட்டினான். "பாத்தியாடா! பத்து மணி அடிச்சதும் தெருவெல்லாம் பூத்துருச்சு! நம்ம வீட்டுப் பூவுக்குத்தான் காது மந்தம்."

தோட்டத்தில் படுத்திருந்த வியாகுலத்தின்மேல் முதல் மாலை விழுந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. அசையக் கூடாது. இரண்டாவது விழுந்தது, மூன்றாவது விழுந்தது. அவருக்கு விளங்கிவிட்டது. தோட்டத்தை இவ்வளவு நல்லபடியாகப் பார்த்துக்கொண்டதற்காக ஊரே பாராட்ட வந்திருக்கிறது. பஞ்சாலையில் ஓய்வு பெற்ற அன்றும் மாலை போட்டு, போட்டோவுக்கு அசையாமல் இருக்கச் சொன்னார்கள். யாரோ விம்முகிற சத்தம்கூடக் கேட்டது. இவ்வளவு தூரம் உணர்ச்சிவசப்படுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

நாலு பேர் கடிகாரத்தோடு சேர்த்துத் தூக்கினார்கள். தலைவர்களைத்தான் இப்படித் தூக்குவார்கள். கூடத்தில் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியபோது மட்டும் அவருக்குக் கொஞ்சம் இடித்தது. ஆனால் மரியாதை செய்கிறவர்களிடம் போய் ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை. மூக்கில் விரல் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மணி அடித்தாகிவிட்டது. அதற்கு மேல் என்ன அத்தாட்சி?

ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது அமலோற்பவம் தெருமுனையில் திரும்பினாள். வாசலில் கூட்டம். எல்லாக் கையிலும் பூ. ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி கூடத்துக்குள் பார்த்தாள். பை விழுந்தது. அதிலிருந்து பேரனுக்கு வாங்கிய கிலுகிலுப்பை உருண்டு ஓடியது.

"என்னங்க!"

"மத்தியானத்துலருந்து தோட்டத்துல வெயில்லயே கிடந்தாரும்மா" என்று யாரோ விம்ம, அவள் பெஞ்சின்மேல் விழுந்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"தங்கமான மனுஷனே! பூ இல்லேன்னா வரமாட்டேன்னு ஒரு சொல்லு சொன்னேனே, அதுக்கு இப்படியா வெயில்ல கிடந்தீங்க! ஒரு நாள் என்னை எதிர்த்துப் பேசினதுண்டா! வச்ச குழம்பை உப்பில்லேன்னு சொன்னதுண்டா! உங்களை மாதிரி ஒரு மனுஷன் இந்த ஊர்ல உண்டா!"

வியாகுலம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் கேட்டதில்லை. பூ எப்போதோ குழம்பியிருக்கும், அசையலாம்தான். ஆனால் அசைந்தால் நின்றுவிடுமே. மூக்கு நுனியில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதையும் பொறுத்துக்கொண்டார்.

"அறிவில்லேன்னு திட்டினேனே! அறிவு எதுக்குங்க உங்களுக்கு, அந்த மனசு போதாதா!" அமலோற்பவம் ஒப்பாரியை நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள்.

வியாகுலம் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்.

"அவ்வளவுதானா, அமலு?"

பெண்கள் அலறினார்கள். ஆண்கள் அவர்களுக்கு முன்னால் வாசலைத் தாண்டியிருந்தார்கள். அமலோற்பவம் மட்டும் அசையவில்லை. புருஷனைப் பார்த்தாள். நெஞ்சின்மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், மணி பத்து. மைத்துனர்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்காமலே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அழுத கண்ணோடு அவர் தோளில் நாலு சாத்து சாத்தினாள். அவருக்குப் போன உயிர் வந்த மாதிரி இருந்தது.

முதலில் சுதாரித்தவள் ஜெசிந்தா.

"அண்ணன் பிழைச்சதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நான் மாலை போட்டது செத்துப்போனவருக்கு. உசிரோட இருக்கிறவருக்கு எதுக்கு என் பூவு? எடுங்க இப்படி."

"ஆமா, எங்க கனகாம்பரமும்" என்றது ஒரு குரல். "எங்க அரளியும்" என்றது இன்னொன்று.

தெருக்கோடியில் பாட்டுச் சத்தம் கேட்டது. சப்பரம் திரும்பிவிட்டது. எடுத்த பூவெல்லாம் எதிர்வீட்டுக்குப் போகும். பின்னாலேயே மாதாவும் போவாள். ஜெசிந்தாவின் உதட்டோரத்தில் ஆறு வருஷச் சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது.

அமலோற்பவம் அதைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள்.

"செத்தவருக்குப் போட்டது செத்தவருக்குச் சொந்தம்தானே ஜெசிந்தா?"

"சொந்தம்தான். செத்திருந்தா."

"என்னங்க, படுங்க."

வியாகுலம் படுத்தார்.

ஜெசிந்தா லேசுப்பட்டவள் இல்லை. "சரிக்கா. மாலை வாடுற வரைக்கும் அது அண்ணனுக்குச் சொந்தம். வாடினப்புறம் குப்பை, அதுல எனக்குப் பாத்தியதை இல்ல. ஆனா அது வாடுறதுக்கு முன்னால அண்ணன் எழுந்து நடமாடுறதை நான் பாத்தேன், அடுத்த வருஷத்துலருந்து மாதா எங்க வீட்டுக்குத்தான். சாப்பிட, குளிக்க, கொல்லைக்குப் போக எழுந்திரிக்கட்டும். மத்த நேரம் படுக்கணும், மாலையோட. சம்மதமா?"

"இந்த வெயில்ல எந்தப் பூ நாளைக்குத் தாங்கும்? சம்மதம்" என்றாள் அமலோற்பவம். ஆண்டவர் சுரண்டிக் கொடுத்த அறிவுதானே, அவசரத்தில் அடிவரைக்கும் எட்டவில்லை.

பங்குச் சாமியார் சப்பரத்தோடு உள்ளே வந்தார். பெஞ்சையும், அதில் மாலைக்கு நடுவே "தோத்திரம் சாமி" என்று படுத்தபடியே கைகூப்பிய வியாகுலத்தையும் பார்த்தார். அந்த வீட்டில் கேள்வி கேட்பதை அவர் முதல் வருஷமே விட்டுவிட்டவர். ஜெபமாலையை ஆரம்பித்தார். மாதா பூக்குவியலுக்கு நடுவில் ஜம்மென்று நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கனகாம்பரம் சுருண்டது. திங்கட்கிழமை அரளி போனது. செவ்வாய்க்கிழமை அமலோற்பவம் ஜெசிந்தாவின் ஊதா மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. அது வாடாமல்லி.

ஆவணி மாதம் கோயம்புத்தூரில் பேரனுக்கு ஞானஸ்நானம். சேர்ந்துதான் போக வேண்டும் என்று அமலோற்பவம் சொல்லிவிட்டாள். வழியனுப்பும் சாக்கில் ஜெசிந்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, மாலை ஒரு பூக்கூட நிறம் மங்கவில்லை என்று தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டாள். தம்பிகள் முன்னாலேயே ஏறி இடம் பிடித்திருந்தார்கள். வியாகுலத்தைத் தூக்கிக் கடைசி நீள சீட்டில் கிடத்தினார்கள். சவரி கால்மாட்டில், இன்னாசி தலைமாட்டில்.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தவர், மாலையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, பாடியெல்லாம் பஸ்ல ஏத்தக் கூடாதும்மா" என்றார்.

"பாடி இல்லப்பா. எங்க வீட்டுக்காரரு."

"அப்புறம் எதுக்கு மாலை?"

"இன்னும் வாடல" என்றாள் அமலோற்பவம், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். அவருக்கும் சர்வீஸ் இருபது வருஷம். இந்த மாதிரி ஒரு கேஸ் வந்ததில்லை. "இப்ப நான் இவருக்கு டிக்கெட் போடவா, லக்கேஜ் போடவா?"

மாலைக்குள்ளிருந்து ஒரு தலை மெல்ல நிமிர்ந்தது.

"டிக்கெட்டே போடுங்க தம்பி. லக்கேஜுன்னா மேல ஏத்திருவீங்க. அங்க வெயிலு, பூ வாடிரும்."